பழம்பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

பழையது என்றால் தூயது. தூயது என்றால் கேள்விக்கு அப்பாற்பட்டது! இந்த வாய்பாட்டை ஓதாத நாடு உலகில் இல்லை. ஆலயத்துக்கும் அரண்மனைக்கும் மட்டுமன்று, ஆடலுக்கும் பாடலுக்கும்கூட இதைப் பொருத்திக் காட்டுவோர் உளர். வானை முட்டும் கட்டடங்களை எழுப்பி, நிலவிலே மனிதனை நடக்கவிட்ட அமெரிக்காவிலேயே, "ஓல்டு டைம்" என்று ஓர் இசை வகைக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பழங்கால இசை என்று பொருள். கேட்க இனிய இசை, அதிலே ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றியதுதான். எவருடைய பழங்காலம்? எந்தக் கை எழுதிய பலகை?

அந்த இசையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவர்கள் தீட்டிக் காட்டும் படம் ஒன்றுண்டு. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடர். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில். முன்றிலிலே நரைத்த தாடியுடன் ஒரு வெள்ளை முதியவர். அவர் மடியிலே பாஞ்சோ. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் முன்னோர் கடல் கடந்து கொணர்ந்த செல்வமாம் அது. மலை மறைவிலே கலப்பின்றிக் காக்கப்பட்டதாம்! பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது, உண்மை. கதைப்பாடல்கள் பல அங்கிருந்து வந்தன; அதுவும் உண்மை. பாஞ்சோ எந்தக் கப்பலில் வந்தது, நண்பர்காள்? அதன் நினைவு வந்தது கப்பலின் மேல்தளத்தில் அன்று. காற்றும் ஒளியும் புகாத அடித்தளத்திலே, விலங்கு பூட்டிக் கிடத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உள்ளத்திலே வந்தது.

கருவியை முதலில் அறிந்துகொள்வோம். நம் ஊர்களில், பொத்தான்களைத் தட்டி வாசிக்கும் புல்புல்தாராவையும் "பேஞ்சோ" என்றே அழைப்பதுண்டு. அது வேறு, இது வேறு. அமெரிக்கப் பாஞ்சோ, கஞ்சிராவைப் பெரிதாக்கி அதற்கு நீண்ட கழுத்தை ஒட்டவைத்தாற்போல் இருக்கும். வட்டச் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய தோல். தோலின்மேல் ஐந்து தந்திகள். நான்கு தந்திகள் கழுத்தின் உச்சிவரை செல்லும். ஐந்தாவது குட்டைத் தந்தி. கழுத்தின் நடுவழியிலேயே ஒரு முளையில் நின்றுவிடும். கட்டைவிரலுக்கு அணித்தாய் இருப்பது அதுதான். ஒலியிலோ அதுதான் மற்றவற்றினும் உச்சம். கிடாரிலே தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குப் படிப்படியாக ஏறும் வரிசை இங்கே உடைந்துபோகிறது.

பழங்கால முறையில் வாசிப்போர் விரல்களை மடக்கிக்கொண்டு, நகத்தின் புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பர். அடித்த கை மீளும்போது கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியைச் சுண்டிவிடும். கிளாஹாமர் என்பது இம்முறைக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. 1945-ஆம் ஆண்டின் இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ் புகழ்பெறச் செய்த மூவிரல் முறை வேறு; அது பாயும் குதிரை. இது நடக்கும் மனிதனின் நடை. மெட்டும் தாளமும் சுருதியும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன. தந்தி பேசும்போதே தோலும் அதிர்கிறது. ஆட வந்தவர்களின் கால்கள் நிற்காமலிருக்க வேறு துணை வேண்டியதில்லை.

இந்தக் கைமுறை எங்கே கற்றது? மேற்கு ஆப்பிரிக்காவிலே, செனகல், காம்பியா நாட்டுப் பகுதிகளில் வாழும் ஜோலா மக்களிடம் "அகோன்டிங்" என்றொரு கருவி உண்டு. சுரைக்குடுக்கை, அதன்மேல் ஆட்டுத்தோல், நீண்ட தண்டு, மூன்று தந்திகள். மூன்றில் ஒன்று குட்டை! நகத்தால் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். கட்டைவிரலால் குட்டைத் தந்தியைச் சுண்டுகிறார்கள். காம்பியா நாட்டவரான டேனியல் ஜாட்டா 2000-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஞ்சோ ஆய்வாளர் கூடிய அவையிலே இக்கருவியை அறிமுகம் செய்தபின், மலைக்குடில் படத்தை மாட்டிவைத்திருந்த பல சுவர்களில் விரிசல் விழுந்தது. அகோன்டிங்தான் பாஞ்சோவின் ஒரே தாய் என்று நாம் முத்திரை குத்த வேண்டியதில்லை. தோல் போர்த்த தந்திக் கருவிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு. அவற்றின் நினைவுகள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கக் கரையிலும் அடிமைகளாய் வந்தவர் கையில் கலந்து புதுவடிவம் பெற்றன. ஒரு பட்டாவைக் கிழித்துவிட்டு இன்னொரு போலிப் பட்டா எழுதுவது நம் வேலையன்று.

சான்று கேட்பார்க்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைகள் சுரைக்குடுக்கையிற் செய்து வாசித்த தந்திக் கருவிகளைக் கண்டு, 1707-இல் வெளியிட்ட நூலில் படத்துடன் பதிந்து வைத்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன், 1785-இல் அச்சான தம் வர்ஜீனியா குறிப்புகளில், இக்கருவியைக் கறுப்பு மக்களே ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்தனர் என்று ஓர் அடிக்குறிப்பிலே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டவர் யார்? நூற்றுக்கணக்கான மனிதரை உடைமையாக வைத்திருந்தவர்! அவரே மறுக்காத உண்மையைப் பின்வந்தோர் மறந்துபோனதுதான் விந்தை.

மறந்தது தானாகவா? மறக்கவைக்க ஒரு புராணம் வேண்டியிருந்தது, படைத்தார்கள். வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸ் பகுதியில் 1810-இல் பிறந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளையர் அருகிலிருந்த கறுப்பு மக்களிடம் பாஞ்சோ கற்றார், மேடையேறினார், புகழ் பெற்றார். அவர் ஆற்றலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் மறைந்தபின் ஒரு கதை கிளம்பிற்று. ஐந்தாவது தந்தியைக் கண்டுபிடித்தவரே அவர்தாமாம்; குட்டைத் தந்தியே அவர் கொடையாம்! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தென் கரோலினாவில் தீட்டப்பட்ட ஓவியமொன்று இன்றும் இருக்கிறது. "பழைய தோட்டம்" என்ற பெயரால் அதனை அழைக்கிறார்கள். அதிலே அடிமைகள் ஆடுகின்றனர். ஒருவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார். அந்தப் பாஞ்சோவின் கழுத்திலே குட்டைத் தந்திக்கான முளை பளிச்சென்று தெரிகிறது. ஸ்வீனி பிறக்குமுன்னரே தீட்டிய ஓவியத்தில் ஸ்வீனியின் கண்டுபிடிப்பு எவ்வாறு இடம்பெற்றது? புராணிகர்கள்தாம் விடை கூறவேண்டும்.

கருவியைக் கைப்பற்றியதோடு நின்றார்களா? 1843-இல் நியூயார்க்கில் "வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்" என்ற பெயரில் நான்கு வெள்ளையர் மேடையேறினர். முகத்திலே எரித்த தக்கைக் கரி, உதட்டிலே அருவருப்பான பூச்சு, நடையிலே நையாண்டி, பேச்சிலே கேலி. உழைத்துக் களைத்தவனின் கருவியை எடுத்து, அதை வாசித்தபடியே அவனைக் கோமாளியாக்கிக் காட்டும் கூத்து! நாடே கைகொட்டிச் சிரித்தது. கடல் கடந்து இங்கிலாந்தும் சிரித்தது. பாஞ்சோவைத் தொடக் கறுப்பு இளைஞர் பலர் பின்னாளில் கூசியதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம். தாத்தாவின் கருவியைப் பேரன் வெறுக்கும்படி செய்துவிட்டு, "அவர்களுக்கு இதில் நாட்டமில்லை" என்று எழுதிவைத்தார்கள்.

அந்த நால்வருள் ஒருவர் டான் எம்மெட். ஓஹையோ மாநிலத்தின் நாக்ஸ் மாவட்டத்தவர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்கள் தம் நாட்டுப்பண்போல் முழங்கிய "டிக்சி" பாட்டு இவர் பெயரில்தான் வழங்குகிறது. அதே மாவட்டத்தில் ஸ்நோடன் என்ற கறுப்புக் குடும்பம் பிடிலும் பாஞ்சோவும் வாசித்து வாழ்ந்தது. அக்குடும்பத்தாரின் கல்லறைக் கல்லில், டிக்சியை எம்மெட்டுக்குக் கற்பித்தவர்கள் இவர்களே என்று பொறித்திருக்கிறார்கள். ஆய்வாளர்களிடையே இது முடிந்த வழக்கன்று. எனினும் நினைத்துப் பாருங்கள்: அடிமைச் சந்தையைக் காக்கப் புறப்பட்ட படை, கறுப்புக் குடும்பத்தின் முன்றிலில் கற்ற மெட்டைப் பாடிக்கொண்டே அணிவகுத்திருந்தால்? "கரோலினா சாக்லேட் டிராப்ஸ்" என்ற கறுப்பு இளைஞர் குழு 2010-இல் வெளியிட்ட இசைத்தட்டில், எம்மெட்டின் ஏட்டுவழி வந்த ஒரு நடனமெட்டுக்கு "ஸ்நோடன்ஸ் ஜிக்" என்று பெயர் வைத்தது. பாட்டுக்கு உரியவரின் பெயரைத் தலைப்பிலேயே எழுதுவது! இதைவிடச் சுருக்கமான இசைத் திறனாய்வு உண்டோ?

தூய்மை பேசியோரின் முகத்தையும் சற்றே பார்ப்போம். வர்ஜீனியாவின் வொய்ட்டாப் மலையிலே 1931 முதல் 1939 வரை நாட்டுப்பாட்டு விழா நடந்தது. 1933-இல் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டே வந்து சிறப்பித்த விழா. அதன் தூண்களுள் ஒருவர் ஜான் பவல் என்ற இசையமைப்பாளர். கலப்பற்ற ஆங்கிலோ-சாக்சன் இசையே அமெரிக்காவின் உயிர் என்று முழங்கியவர். முழக்கம் இசையோடு நின்றதா? வெள்ளையரும் பிறரும் மணம் செய்துகொள்வதைத் தடுத்த வர்ஜீனியாவின் 1924-ஆம் ஆண்டு இனத்தூய்மைச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர்! அவர் விழா மேடையிலே பாஞ்சோ ஒலித்தது. பாஞ்சோவைத் தந்த மக்களுக்கு மட்டும் இடமில்லை. பாட்டிலே தூய்மை தேடியவர் இறுதியில் குருதியிலே தூய்மை தேடினார் என்று சொல்வது பிழை. குருதியில் தேடியதைத்தான் பாட்டிலும் தேடினார்.

வணிகர்களோ கொள்கை பேசவில்லை, பட்டியல் போட்டார்கள். 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பு மக்களுக்கு விற்க ஒரு வரிசையும், வெள்ளை நாட்டுப்புற மக்களுக்கு விற்க வேறொரு வரிசையும் வகுத்தன. முதலாவதில் புளூஸ்; இரண்டாவதில் "பழங்கால மெட்டு". வயல்வெளி நடனங்களிலே பிடிலும் பாஞ்சோவும் வாசித்துக்கொண்டிருந்த கறுப்புக் கலைஞர் எந்த வரிசையில் சேர்வார்? பெரும்பாலும் எதிலும் சேரவில்லை. இசைத்தட்டில் இல்லாதது இல்லாததாகவே ஆயிற்று. விற்பனைப் பட்டியலே வரலாற்று நூலாகிவிட்டது!

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். ஏழை வெள்ளைத் தொழிலாளர் எல்லோரும் இந்தப் புரட்டுக்கு உடந்தையல்லர். வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழன்ற டாக் பாக்ஸ் 1927-இல் நியூயார்க் சென்று பாடிய பாட்டுகள், மரணமே மடியில் வந்தமர்ந்து பாஞ்சோ வாசித்தாற்போல் ஒலிக்கும். கறுப்புக் கலைஞர் வாசித்ததைக் கண்டு கற்றேன் என்பதை அவர் ஒளித்ததில்லை. சுரங்கம் அவர் உடலை எடுத்துக்கொண்டது. பொருளாதார வீழ்ச்சி வாய்ப்பைப் பறித்தது. சமய ஈடுபாடு மிக்க மனைவிக்குப் பாஞ்சோ பிடிக்கவில்லை. பாவத்தின் கருவி என்று பாஞ்சோவைப் பழித்த தேவாலயங்கள் அந்நாளில் பல. ஆண்டுக்கணக்கில் அவர் கருவியைத் தொடவில்லை. 1963-இல் மைக் சீகர் தேடிச் சென்ற பிறகே உலகம் அவரை மீண்டும் கேட்டது.

பட்டியலில் இடம்பெறாதவர்களில் ஒருவர் கதையை இனிக் காண்போம். வட கரோலினாவின் மெபேன் ஊரைச் சார்ந்த ஜோ தாம்சன் 1918-இல் பிறந்தவர், மரச்சாமான் தொழிற்சாலைத் தொழிலாளி, பிடில் கலைஞர். உறவினர் ஓடெல் தாம்சன் பாஞ்சோ வாசிப்பார். 1994-இல் ஓடெல் மறைந்தார். கறுப்பு மக்களின் பிடில்-பாஞ்சோ மரபு ஜோவின் வில்லிலே ஊசலாடிக்கொண்டிருந்தது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் பூன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கறுப்புப் பாஞ்சோக் கலைஞர் மாநாடு கூடியது. அங்கே சந்தித்த ரியானன் கிடென்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் எனும் மூவர் வியாழன்தோறும் ஜோவின் வீட்டுக்குச் சென்று கற்றனர். நான் மேலே கூறிய குழு அதுதான். 2011-இல் அவர்கள் இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. 2012-இல் தம் 93-ஆம் வயதில் ஜோ மறைந்தபோது, அவர் மெட்டுகள் அவரோடு போகவில்லை.

அம்மூவரில் இருவர், கிடென்சும் ராபின்சனும், 2025-இல் மீண்டும் இணைந்து "வாட் டிட் தி பிளாக்பேர்ட் சே டு தி குரோ" என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். கிடென்ஸ் கையில் பாஞ்சோ. ராபின்சன் கையில் பிடில். 18 மெட்டுகள். பாட்டும் உண்டு, சொல்லற்ற இசையும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டுத் திறந்த வெளியிலே, ஜோ தாம்சனின் வீட்டிலும், கிடார்க் கலைஞர் எட்டா பேக்கரின் வீட்டிலும், மில் பிராங் என்ற பழைய பண்ணை மாளிகையிலும் பதிவு செய்தனர். மரங்களில் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருக்கின்றன. 1803-க்குப் பின் முதன்முறையாக 2024-இல் இரு கூட்டங்கள் ஒருங்கே மண்ணிலிருந்து வெளிவந்த சில்வண்டுகள் அவை. ஜெஃபர்சன் நாட்டை ஆண்ட ஆண்டில் அடிமைகள் கேட்ட அதே ஒருங்கொலி!

வாசிப்பைப் பற்றி ஐயமில்லை. வேகம் காட்டி மிரட்டவில்லை. விரல்வித்தை காட்டி மயக்கவில்லை. பிடில் முன்னே சென்றால் பாஞ்சோ பக்கத்தில் நடக்கிறது. பாஞ்சோ பேசினால் பிடில் செவி சாய்க்கிறது. ஜோவின் வீட்டுக் கூடத்தில் முழங்கால் முட்ட அமர்ந்து கற்றவர்களின் வாசிப்பு என்பது இரண்டு மெட்டுக்குள்ளேயே விளங்கிவிடும். ஆயினும் எனக்கொரு குறை உண்டு. சில்வண்டு இனிமையானது, ஆனால் சில்வண்டுக்கு வரலாறு தெரியாது. பண்ணை மாளிகையின் முற்றத்திலே பதிந்த இசையைக் கண்மூடிக் கேட்பவனுக்குச் சாட்டையின் நினைவு வருவதில்லை. மாலைக் காற்றும் மரநிழலுமே வருகின்றன. எந்த எழில் ஓவியத்தைக் காட்டி உண்மையை இத்தனைக் காலம் மறைத்தார்களோ, அதே ஓவியத்துக்குச் சில்வண்டும் ஒரு வண்ணம் சேர்த்துவிடுகிறது. வரலாறு அறிந்தவன் நடுங்குவான், அறியாதவன் தலையசைப்பான். இரண்டாமவனைக் குறைகூறி என்ன பயன்?

இதே கிடென்ஸ் 2017-இல் வெளியிட்ட "ஃப்ரீடம் ஹைவே" தொகுப்பின் முதல் பாட்டு அந்த இடைவெளியை விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டு விளம்பரமொன்றில், இளம் கறுப்புப் பெண் ஒருத்தி விற்பனைக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். அவளிடம் ஒன்பது மாதக் கைக்குழந்தை உண்டு. அதையும் சேர்த்து வாங்குவதோ விடுவதோ வாங்குபவர் விருப்பம்! அந்தச் சொற்றொடரையே தலைப்பாக்கி, அந்தத் தாயின் வாயாகப் பாட்டைப் புதிதாய் எழுதினார். அவர் வாசிக்கும் பாஞ்சோ 1858-ஆம் ஆண்டுக் கருவியின் நகல், வீணையில் உள்ளவைபோன்ற மெட்டுகள் கழுத்தில் இல்லை, ஒலியும் தாழ்ந்தது. கோமாளிக் கூத்துக்காரர் தூக்கித் திரிந்த அதே வகைக் கருவி, அதே தோல், அதே குட்டைத் தந்தி. இப்போது சிரிப்பவன் எவனுமில்லை. பழைய மெட்டுகளை அப்படியே காத்து வைத்திருக்கும் 2025-ஆம் ஆண்டுத் தொகுப்பைவிட, அதிலே கற்ற கையால் புதிதாய் எழுதிய இந்த ஒரு பாட்டு எனக்குப் பெரிது.

பாட்டைப் பாட்டாகக் கேட்டால் போதாதா, எதற்கு இந்த வழக்கு என்பாரும் உண்டு. அவர்கள் விரும்பி வாசிக்கும் மெட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். "ஏஞ்சலின் தி பேக்கர்" என்று இன்று பழங்கால இசைக் கூட்டங்களில் எங்கும் ஒலிப்பது. புதிதாய்ப் பாஞ்சோ பிடிப்பவர் முதலில் கற்கும் மெட்டுகளுள் ஒன்று, துள்ளல் மெட்டு, கால் தானாய்த் தாளமிடும். அதன் வேர் 1850-இல் ஸ்டீபன் ஃபாஸ்டர் கரிமுகக் கூத்து மேடைக்காக எழுதிய "ஏஞ்சலினா பேக்கர்". அதிலே பேசுபவன் ஓர் அடிமை. அவன் காதலி ஏஞ்சலினா. ஒரு கோடைக்காலைப் பொழுதில் அவளைக் கேட்டு வருகிறான், போய்விட்டாள் என்கிறார்கள். எங்கே என்று அவனுக்குத் தெரியாது. அடிமைப் பெண் ஒருத்தி ஓரிரவில் போய்விட்டாள் என்றால் எங்கே போயிருப்பாள், யார் அனுப்பியிருப்பார் என்பதைக் கேட்போர்க்கு விளக்க வேண்டியதில்லை. அதையும் வேடிக்கை மொழியிலேதான் எழுதிவைத்தார் ஃபாஸ்டர். பின்வந்தோர் கதையை உதிர்த்துவிட்டுத் துள்ளலை மட்டும் வைத்துக்கொண்டனர். பெயரில் ஓரெழுத்து மாறியது. ஏஞ்சலினா ரொட்டி சுடுபவளாகிவிட்டாள்!

வாசிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. எரிக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. மெட்டு ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் அதே மெட்டின் வேகத்தைச் சற்றே குறைத்து, ஆட்டக்காரர்களை ஒரு நிமிடம் அமரவைத்து, குட்டைத் தந்தி மட்டும் விடாது ஒலித்துக்கொண்டிருக்க, அவள் எங்கே என்று கேட்டபடி நின்றுபோகும் ஒரு வாசிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.